முதுகு வலிக்காத தொழிலாளி!

கார் ஃபேக்டரி ரோபோ என்றதும் என்ன ஞாபகம் வரும்? கம்பி வேலிக்குள் தீப்பொறி பறக்க வெல்டிங் வைக்கும் ராட்சசக் கைதானே! வேலிக் கதவைத் திறந்தாலே மெஷின் நின்றுவிடும். அந்த வேலியை எடுத்துவிட்டு, மனிதர்களுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்க்கிற ரோபோதான் 'கோபாட்'. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் இருவரும் 1996-லேயே யோசித்த ஐடியா இது.

ஜெர்மனியின் சால்ஸ்கிட்டர் நகரில் ஃபோக்ஸ்வாகனின் இன்ஜின் ஆலை இருக்கிறது. டீசல் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் க்ளோ ப்ளக் செருக வேண்டும். நம்மூர் மெக்கானிக்குகள் 'ஹீட்டர் ப்ளக்' என்பார்களே, அதேதான். துளைகள் சரியாகக் கண்ணில் படாத இடத்தில் இருக்கும். குனிந்து குனிந்து செருகணும். ஒரு நாள் என்றால் பரவாயில்லை, வருஷக்கணக்கில் என்றால் முதுகு என்னாகும்? 2013-ல் அந்த வேலையை டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ் தயாரித்த ஒரு கோபாட்டிடம் கொடுத்தார்கள். ரோபோ ப்ளக்கைச் செருகும். பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் தொழிலாளி மீதி வேலையை முடிப்பார். நடுவில் வேலி கிடையாது.

'ஒரு ஸ்க்ரூ மாட்ட இவ்வளவு பில்டப்பா?' என்று கேட்கலாம். மரை சரியாகப் பிடிக்காமல் கோணலாக ஏறினால் ஒரு இன்ஜின் பாகமே வீண்! (நம்மைப் பார்த்து 'மரை கழண்ட கேஸ்' என்பவர்களை இங்கே சேர்க்க வேண்டாம்.) அனுபவசாலி மெக்கானிக் என்ன செய்வார்? போல்ட்டை முதலில் கொஞ்சம் பின்பக்கமாகச் சுற்றுவார். மரை விழுவது விரலில் 'டக்'கென்று தெரியும். அப்புறம்தான் முன்பக்கம் முறுக்குவார். இதே டெக்னிக்கை ஃபோர்ஸ் சென்சார் வைத்த கோபாட்டும் செய்யும். எத்தனை சுற்று போனது, எவ்வளவு டார்க்கில் இறுகியது என்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் கணக்கும் எழுதி வைக்கலாம். சுற்று குறைவாக இருந்தும் டார்க் எகிறினால், மரை கோணல் என்று சந்தேகப்படணும்.

சரி, ஆள் மேல் இடித்தால்? 2016-ல் வந்த ஐ.எஸ்.ஓ/டி.எஸ் 15066 ஆவணம், உடம்பை 29 இடங்களாகப் பிரித்து, எங்கே எவ்வளவு அழுத்தம் வரை தாங்கும் என்று பட்டியல் போட்டிருக்கிறது. ஆனால், ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கை சாதுவாக இருந்தாலும், அதன் நுனியில் இருப்பது கூரான ஸ்க்ரூ டிரைவர்! அதற்கு உறை போடணும், வேகத்தைக் குறைக்கணும். 'கோபாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதாலேயே எந்த மெஷினும் பாதுகாப்பானதாகிவிடாது. வேகம் குறைவதால்தான் வேலிக்குள் இருக்கும் பழைய ராட்சசனுக்கு இன்னும் மவுசு குறையவில்லை.

வேலை போகுமா என்பதுதான் எல்லார் மனசிலும் இருக்கும் கேள்வி. செருகுகிற வேலை போகும், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஒயரிங் மாதிரி வளைந்து நெளியும் பொருட்களில் இன்றைக்கும் மனிதக் கைதான் ராஜா. இந்தியாவில் பஜாஜ் ஆட்டோ நூற்றுக்கும் மேற்பட்ட கோபாட்களை இறக்கியிருக்கிறது. அதனால், ஐ.டி.ஐ, டிப்ளமோ படிக்கும் தம்பி, தங்கைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பல கோபாட்களுக்குப் பாடம் நடத்த பெரிய கோடிங் எல்லாம் வேண்டாம். குழந்தைக்குக் கை பிடித்து 'அ' எழுதப் பழக்குவோமே, அப்படி அதன் கையைப் பிடித்து நகர்த்திக் காட்டினால் அந்தப் பாதையைப் பிடித்துக்கொள்ளும். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கணும் என்பதை மட்டும் நாம்தான் சொல்லித் தரணும்.