தும்பை விட்டு வாலைப் பிடிக்கலாமா?

ஹைதராபாத் என்றதும் தடுப்பூசி நினைவுக்கு வருவது இயல்பு. 2017 டிசம்பரில், இந்நகரின் பாரத் பயோடெக் உருவாக்கிய டைஃபாய்டு தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் முன்தகுதி வழங்கியது. அப்பெருமை நியாயமானதே. ஆயினும் அதே ஆண்டில் சண்டிகர், மொகாலி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வும் ஈடான கவனத்துக்கு உரியது.

உயிரணுவுக்குள் சரக்குகள் நுண்பைகளில் பயணிக்கின்றன. நுண்பை உரிய சவ்வை நெருங்கியதும் அதை முதலில் பற்றி நிறுத்துபவை பிணைப்புப் புரதத் தொகுதிகள். கன்றைக் கொட்டிலில் நிறுத்தும் தும்பு போன்றவை. சவ்வுகளை ஒன்றாக்கும் ஸ்னேர் புரதங்களின் வேலை அதன் பின்னரே முற்றுப்பெறும். ஆறு புரதங்கள் சேர்ந்த ஹாப்ஸ் தொகுதி, லைசோசோமுக்குச் செல்லும் சரக்குக்கான தும்பு.

டைஃபாய்டுக் கிருமியின் நெருங்கிய உறவான சால்மோனெல்லா டைஃபிமியூரியம் அத்தும்பையே களவாடுகிறது. தான் தங்கும் பையின் சவ்வுக்குச் சிஃப்-ஏ என்னும் தன் புரதத்தின் துணையால் ஹாப்ஸை வரவழைத்து, லைசோசோமின் சவ்வையும் சத்தையும் தன்பால் ஈர்க்கிறது. ஹாப்ஸ் குறைந்த உயிரணுக்களில் கிருமியின் பெருக்கம் தளர்ந்ததை அவ்வாய்வு காட்டியது.

தடுப்பூசி நோயை வாசலில் மறிக்கிறது. உள்ளே புகுந்த கிருமி எதைப் பற்றி வாழ்கிறது என்பதை அடிப்படை ஆய்வே சொல்லும். மருந்துக்கு அடங்காத டைஃபாய்டு பரவும் காலத்தில் அவ்வறிவு ஆடம்பரமன்று. உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தை 1977 முதல் பேணிவரும் நகருக்கு இது புதிய பாடமுமன்று. உடனடிப் பயனை மட்டும் போற்றி அடிப்படை ஆய்வைக் கைவிடுவது, தும்பை விட்டு வாலைப் பிடிப்பதேயாகும்.