அந்தக் கருவியை எழுதினது யார்?

ஏ.எல். எழுதிப்போட்டு கம்பஸ் தொடங்கும் வரைக்கும் எங்கட நாட்டில் எவ்வளவு காலம் சும்மா இருக்க வேணும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியில் நான் ஒரு சின்ன வரைபட அலுவலகத்தில் வேலை செய்தேன். இரும்புச் சட்டங்கள், தாங்கிகள், படிக்கட்டுகள் போன்றவற்றுக்குக் கொம்பியூட்டரில் வரைபடம் கீறி, வெட்டி வெல்டிங் செய்கிற பட்டறைகளுக்கு அனுப்புகிற இடம். எனக்குக் கீறத் தெரியாது, நான் கலைப்பிரிவு. என்னை எடுத்தது பைல்களுக்குப் பெயர் வைக்க.

சிரிக்காதீங்கோ. அது முழுநேர வேலை. பொறியியலாளர் ஒரு வரைபடத்தை முடித்து ‘வெளியிடலாம்’ என்று குறித்ததும், நானும் பக்கத்து மேசை அக்காவும் அதைத் திறந்து, பீடிஎஃப் ஆக்கி, பாகத்தின் இலக்கம், திருத்தத்தின் எழுத்து, வாடிக்கையாளரின் குறியீடு எல்லாம் சேர்த்துப் பெயர் போட்டு, உரிய போல்டருக்குள் வைக்க வேணும். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது. ஒரு பின்னேரம் ‘சி’ திருத்தம் போக வேண்டிய இடத்தில் ‘பி’யை வைத்துவிட்டேன். துளைகளுக்கு இடையிலான தூரம் மாறியிருந்த ஒரு தகடு அது. பட்டறை பழைய அளவிலேயே வெட்டிப்போட்டுது. அன்றைக்கு எனக்கு விழுந்த பேச்சை இங்கே எழுத விருப்பமில்லை.

ஒரு பைலில் என்ன பெரிய விசயம் என்று கேட்பவர்களுக்கு எயார்பஸ் ஏ380 விமானத்தின் கதை இருக்கிறது. ஒரு விமானத்துக்குள் 500 கிலோமீற்றருக்கு மேல் மின்வயர் ஓடுகிறது. ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் கட்டியா மென்பொருளின் 4ஆம் பதிப்பில் வடிவமைத்தார்கள், பிரான்ஸின் துலூஸில் 5ஆம் பதிப்பில். இரண்டு இடத்துத் தரவுகளும் சரியாகப் பொருந்தவில்லை. துலூஸில் விமானத்தை ஒன்றுசேர்க்கும்போது வயர்கள் நீளம் காணாமல் போயின. முதல் விமானம் சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கைக்குப் போனது 2007 ஒக்ரோபரில்தான். திட்டம் ஏறத்தாழ இரண்டு வருடம் பிந்திப்போனது.

இந்தக் குழப்பங்களைக் குறைக்கத்தான் வடிவமைப்புத் தரவுகளை நிர்வகிக்கிற மென்பொருட்கள் இருக்கின்றன. ஓட்டோடெஸ்க்கின் வால்ட், சொலிட்வேர்க்ஸ் பீடிஎம் போன்றவை. நூலகம் மாதிரி யோசித்தால் விளங்கும். ஒருவர் வரைபடத்தைத் திருத்த வெளியே எடுத்தால், அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர்கள் பார்க்கலாம், கை வைக்க ஏலாது. பழைய பதிப்புகள் அழியாது. எது வேலையில் இருக்கிறது, எது பரிசீலனையில், எது வெளியிடப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை இருக்கும்.

ஆனால் உங்கட வாடிக்கையாளருக்குப் பைலின் பெயர் எப்படி வேணும் என்று மென்பொருளைச் செய்தவருக்குத் தெரியாது. தெரியவும் முடியாது. அதனால்தான் ஒரு கதவைத் திறந்து விடுகிறார்கள், மற்றவர்கள் எட்-ஒன் எழுதிப் பொருத்துவதற்கு. வால்ட்டில் ‘ஜொப் புரொசெசர்’ என்று ஒன்று உண்டு. வரைபடத்தின் நிலை மாறியதும் அது ஒரு வேலையாக வரிசையில் விழும். தனியாக ஒரு கொம்பியூட்டர் அந்த வரிசையைப் பார்த்து, எங்கட விதிப்படி ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும். கூல்ஒரேஞ்ச் போன்ற கம்பனிகள் இதற்கென்றே கருவிகள் செய்து விற்கின்றன. அவற்றின் ‘பவர்ஜொப்ஸ்’ கருவிக்குள் விதிகளைப் பவர்ஷெல் மொழியில் சில வரிகளில் எழுதலாம்.

என்னுடைய பிழைக்குப் பிறகு எங்கட ஒஃபிஸும் அப்படி ஒரு எட்-ஒன் எழுத ஒரு பெடியனைப் பிடித்தது. கெட்டிக்காரன். ஆனால் வந்த முதல் மூன்று நாளும் அவர் கோட் எழுதவில்லை, அக்காவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து கேட்டு எழுதினார். இந்த வாடிக்கையாளருக்கு இடையில் கோடு போடக்கூடாது. அந்த ஆளுக்குத் திருத்தம் எழுத்தில் வேண்டாம், இலக்கத்தில் வேணும். நாகம் பூசுகிற பாகங்களுக்குத் தனி போல்டர். இரண்டு தாள் உள்ள வரைபடத்தைப் பிரிக்கக் கூடாது. இதெல்லாம் எந்தக் கொப்பியிலும் இல்லை. ஆறு வருடமாக அக்காவின் தலைக்குள் இருந்தது.

கருவி வந்தது. நன்றாக வேலை செய்தது. பிழையான திருத்தம் பட்டறைக்குப் போவது நின்றுவிட்டது. எனக்குக் கம்பஸ் கிடைத்து நான் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்து அக்கா கோல் எடுத்தா. அவவை நிப்பாட்டிப் போட்டினமாம்.

கருவி வந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு மனிசர் நாளுக்கு எழுபது தடவை ஒரே பொத்தானை அழுத்துவது நல்ல வேலை இல்லை. நான் விட்டது களைத்த ஆள் விடுகிற பிழை. நான் சொல்ல வருவது வேறு. அந்த எட்-ஒன்னில் பாதி அக்கா எழுதியது. அந்தப் பாதிக்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை.

“அவவுக்குப் புரோகிராமிங் தெரியாதே” என்பீர்கள். ஓட்டோகாட் 1982இல் வந்தது. அதற்குள் ஓட்டோலிஸ்ப் என்ற சின்ன மொழியை 1986இல் சேர்த்தார்கள். அதை எடுத்துப் பாவித்தவர்களில் எத்தனையோ பேர் புரோகிராமர்கள் இல்லை, வரைபடம் கீறுகிறவர்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் கொப்பி பண்ணி, இரண்டு வரி மாற்றி, தன்ரை வேலைக்குப் பொருத்திக்கொண்டார்கள். அலுப்பு யாருக்கோ, அவரே கருவியும் செய்தார். அதே நேரம் 1993இல் வந்த விலை குறைந்த ஓட்டோகாட் எல்ரீயில் ஓட்டோலிஸ்ப் இல்லை. 2024ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அதற்கும் கிடைத்தது. ஏறத்தாழ 30 வருடம்! காசு குறைந்தவருக்குக் கதவு பூட்டு. வால்ட்டின் அடிப்படைப் பதிப்பிலும் நான் மேலே சொன்ன நிலைகளும் ஜொப் புரொசெசரும் இல்லை. யார் கருவி எழுதலாம் என்பதைத் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை.

“எல்லாரும் எழுதினால் குழப்பம்” என்பதில் நியாயம் இருக்கிறது. நான் பிழை விட்டால் ஒரு தகடு பிழைக்கும். கருவியின் விதி பிழைத்தால் எழுபதும் பிழைக்கும். மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்தால் எட்-ஒன்னையும் திருத்த வேண்டி வரும். அந்த நேரம் எழுதின ஆள் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஒரு விதி ஏன் அப்படி இருக்கிறது என்று கோட்டைப் பார்த்தால் தெரியாது.

எங்கட ஒஃபிஸிலும் அதுதான் நடந்தது. ஒரு வாடிக்கையாளர் பெயர் வைக்கும் முறையை மாற்றச் சொன்னார். எதைத் தொட்டால் எது உடையும் என்று அங்கே ஒருத்தருக்கும் விளங்கவில்லை. கடைசியில் அக்காவுக்குக் கோல் எடுத்தார்கள். அவ குசினிக்குள் நின்றுகொண்டே அரை மணித்தியாலம் விளக்கம் சொன்னாவாம். சும்மா, காசில்லாமல்.

பொறியியல் பீடத்துப் பிள்ளைகளிடம் மட்டும் இதை விட்டுவிடாதீங்கோ. ஒரு விதியை இரண்டு அர்த்தம் வராமல் எழுதுவது மொழி வேலை. எங்களுக்குப் பழக்கப்பட்ட வேலை. கருவி செய்யும்போது விதிகளை ஆளுக்கு விளங்கும் மொழியிலும் ஒரு தாளில் எழுதி, சொன்னவரின் பெயரையும் போட வேணும். அந்த மூன்று நாளுக்கு அவருக்கும் கூலி கொடுக்க வேணும். விதி மாறினால் அந்தச் சில வரிகளை மாற்ற அவருக்கே பழக்க வேணும். பெடியன் இன்னும் ஒரு கிழமை நின்றிருந்தால் அக்கா பழகியிருப்பா.

நாளைக்கு நீங்கள் வேலை செய்யப் போகிற இடத்தில் யாராவது “இதுக்கு ஒரு எட்-ஒன் எழுதுவம்” என்று சொல்லுவினம். நல்லது, எழுதுங்கோ. ஆனால் தொடங்க முதல் ஒன்று கேளுங்கோ: விதியைச் சொல்லப் போறது யார், எழுதி முடிஞ்ச பிறகு அந்த ஆள் எங்கே இருக்கப் போறார்?