பிக்கப்புக்கு மூடி எதற்கு?

எலக்ட்ரிக் கிதாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்புக்கு உலோக மூடி போட்டால் சத்தம் செத்துப்போகும் என்று ஒரு நம்பிக்கை ரொம்ப காலமாக உலவுகிறது. காயில் வெளியே தெரிந்தால் ராக் கிதாராம், பளபளவென்று மூடி இருந்தால் தாத்தா காலத்து ஜாஸ் கிதாராம். இதில் பாதி உண்மை, மீதி பந்தா.

மூடி பிற்பாடு ஒட்டிக்கொண்ட அலங்காரம் இல்லை. கிப்சன் கம்பெனியில் இருந்த சேத் லவர் 1955-ல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1959-ல் கிடைத்தது. இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்தால், டிரான்ஸ்பார்மரில் இருந்து கிளம்பி வரும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். ஆனால் டிம்மர், டியூப்லைட் போன்றவை கிளப்பும் மின்புல இரைச்சல் வேறு ரகம். அதைத் தடுக்க, கிரவுண்டோடு இணைந்த உலோகக் கூடு உதவும். மூடியின் வேலை அதுதான்.

இங்கேதான் எந்த உலோகம் என்ற கேள்வி வருகிறது. சண்டை போடுகிற பலரும் இதைக் கேட்பதே இல்லை! கம்பி அதிரும்போது மாறுகிற காந்தப்புலம் மூடிக்குள்ளும் சின்னச் சின்ன சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். அவை சிக்னலின் சக்தியைத் தின்னும், அதிலும் முதலில் அடிவாங்குவது ட்ரெபிள். பித்தளை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் அதில் இந்தச் சுழல் அதிகம். லவர் காலத்து மூடிகள் ஜெர்மன் சில்வரில் செய்தவை. (பெயரில் மட்டும்தான் வெள்ளி. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த அதே பூஜைச் சாமான் உலோகம்தான்.) இதன் மின்தடை பித்தளையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். மெல்லிய ஜெர்மன் சில்வர் மூடி போட்டால் வித்தியாசம் காதுக்குத் தெரிவதே கஷ்டம். மலிவு விலைப் பித்தளை மூடிக்கு நிக்கல் முலாம் பூசிப் போட்டால், கம்பளி போர்த்திய மாதிரி இருக்கும். பழி மட்டும் எல்லா மூடிகளுக்கும்!

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தத்தைக் காட்டினால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அது இரும்புச் சமாச்சாரம், தொடவே வேண்டாம். பிறகு உள்பக்க ஓரத்தில் லேசாகச் சுரண்டினால், மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, வெளிறிய சாம்பலாக இருந்தால் ஜெர்மன் சில்வர்.

மூடியைக் கழற்றும் ஃபேஷனுக்கு எரிக் கிளாப்டன் ஒரு பெரிய காரணம். 1966-ல் ஜான் மேயல் குழுவோடு அவர் வெளியிட்ட ஆல்பத்தின் கிதார் ஒலி பல பேரைக் கிறங்கடித்தது. அவர் தன் லெஸ் பாலில் மூடியைக் கழற்றியவர் என்பதால் பார்த்தவர்களும் கழற்றினார்கள். முழு சத்தத்தில் அலறிய மார்ஷல் ஆம்பிளிஃபயரையும் அவர் விரல்களையும் விட்டுவிட்டு, மூடிக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுப்பது கொஞ்சம் அநியாயம் :-) ஆனால் கழற்றியவர்களுக்கு நியாயமான காரணமும் ஒன்று உண்டு. மூடிக்கும் காயிலுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், சத்தம் ஏற ஏற மூடி அதிர்ந்து ‘கீ...’ என்று கத்தும். மெழுகு அந்த இடைவெளியை நிரப்பினால் அந்தக் கத்தலும் நின்றுவிடும்.

ஆகவே மூடி போட ஆசைப்படுகிறவர் தாராளமாகப் போடலாம், அழகுக்காக என்றாலும் தப்பில்லை. ஆனால் முதலில் அளவு பார்க்க வேண்டும். பழைய கிப்சன் பாணி பிக்கப்பில் முதல் திருகுக்கும் கடைசித் திருகுக்கும் இடையே சுமார் 49 மில்லிமீட்டர், ஃபெண்டர் பாலத்துக்கு ஏற்றவற்றில் 52, 53 வரை போகும். ஓட்டை பொருந்தாத மூடி வெறும் தகரம்தான். மெழுகு சுமார் 65 டிகிரியைத் தாண்டாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக வேண்டும். நேரடி அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும், சூடு ஏறினால் காயில் சுற்றிய பிளாஸ்டிக்கும் வளைந்துபோகும். பற்றவைப்புக்கு வலுவான சால்டரிங் அயர்ன் தேவை. பலவீனமான அயர்னை நிமிடக்கணக்கில் அழுத்திக்கொண்டிருப்பதுதான் காயிலைக் கொல்லும். ஐம்பதுகளின் ஒரிஜினல் பிக்கப்பில் இந்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம். அதன் பழைய சால்டரைத் தொட்டாலே மதிப்பு இறங்கும்.

போட்ட உடனே “ஐயோ, டல்லாயிடுச்சே” என்று தீர்ப்பு எழுதுவதும் சரியில்லை. மூடியின் தடிமன் அளவுக்குக் காயில் கம்பியிலிருந்து தள்ளிப்போயிருக்கும், அதனால் சத்தம் குறையும். காது அதைத்தான் ட்ரெபிள் போய்விட்டது என்று தப்பாக எடுத்துக்கொள்கிறது. பக்கத்துத் திருகுகளால் பிக்கப்பைக் கொஞ்சம் உயர்த்தி, மூடிக்கு முன்பு இருந்த சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகு இன்னொரு முறை வாசித்துப் பார்க்க வேண்டும்.