மறைக்கப்படும் வலி பொறுமையாகாது

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்துச் சில ஆண்டுகள் நலமாக இருந்த உம்மா, ஒருநாள் நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்குகிறார். சஜ்தாவுக்குக் குனிந்தால் இடுப்பு வலிக்கிறது என்கிறார். வயதாகிவிட்டதல்லவா என்று நாமும் தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். அது வெறும் எலும்புத் தேய்மானமாகவும் இருக்கலாம். ஆயினும், இந்நோய் பரவும்போது மிகுதியாகச் சென்றடையும் இடம் எலும்பு என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது அவசியம்.

சிகிச்சை முடிந்து 5, 10 ஆண்டுகள் கழிந்த பின்னரும் இந்நோய் திரும்பக்கூடும். எலும்பில் பரவினால், ஓய்வெடுத்தாலும் தணியாமல் இரவில் கூடும் வலியும், சிறு அடியிலேயே எலும்பு முறிவதும் நேரலாம். நுரையீரலில் பரவினால் விடாத இருமலும் மூச்சிரைப்பும் தோன்றலாம். கல்லீரலில் பரவினால் வலப்பக்க மேல்வயிற்று வலி, பசியின்மை, எடைக் குறைவு, மஞ்சள் காமாலை ஆகியவை காணப்படலாம். மூளையில் பரவினால் ஓயாத தலைவலி, வாந்தி, பார்வைக் கோளாறு, வலிப்பு ஆகியவை வரலாம். அக்குளிலோ கழுத்தெலும்பின் மேலோ புதிய கட்டி தென்பட்டாலும் கவனிக்க வேண்டும்.

இவற்றுள் பல, சாதாரண நோய்களாலும் வருபவையே. எனவே பீதி வேண்டாம். ஆனால் புதிதாகத் தோன்றிய தொல்லை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், முன்பு சிகிச்சையளித்த மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். முதுகுவலியுடன் கால்கள் மரத்தாலோ, தளர்ந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ அது தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தாமதித்தால் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும்.

இவ்வளவும் தெரிந்தாலும் நம்மைத் தடுப்பவை இரண்டு மௌனங்கள். முதலாவது, வலியை மறைப்பதே பொறுமை என எண்ணும் பெண்களின் மௌனம். பொறுமைக்கு முன்மாதிரியான அய்யூப் நபி (அலை) அவர்களே தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். குளிக்கவும் பருகவும் நீரை வழங்கி, அதன் வழியே அல்லாஹ் அவர்களுக்கு நிவாரணம் அளித்தான். வலியைச் சொல்வதும் மருந்தைத் தேடுவதும் பொறுமைக்கு முரணானவை அல்ல. வெட்கமும் இங்குத் தடையாகக் கூடாது. பெண் மருத்துவர் கிடைக்காத நிலையில், அவசியத்தின் பொருட்டு ஆண் மருத்துவரிடம் காட்ட மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளனர்.

இரண்டாவது, குடும்பத்தாரின் மௌனம். அவர் மனமுடைந்துவிடுவார் என அஞ்சி, நோயின் பெயரையே அவரிடம் மறைக்கிறோம். தமக்கு வந்தது இன்ன நோய் என்று அறியாதவர், அதன் அறிகுறியை எவ்வாறு இனங்காண்பார்? அன்பின் பெயரால் நாம் செய்யும் இந்த மறைப்பு, அவருடைய உடலைப் பற்றிய அறிவை அவரிடமிருந்தே பறிப்பதாகும்.

பரவிய நோயை முற்றிலும் நீக்குவது பெரும்பாலும் இயலாது என்பது உண்மை. எனினும், மருந்துகளால் பலருக்கு அதை ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வைக்க முடிகிறது. எலும்பு வலியைக் கதிர்வீச்சு தணிக்கிறது. வலியின்றித் தொழுது, பேரப்பிள்ளைகளோடு கழியும் அந்த ஆண்டுகள் சிறியவையா?

உம்மா நாற்காலியில் தொழத் தொடங்கினால், அருகில் அமர்ந்து காரணத்தைக் கேட்போம். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.