புது ஸைக்கிளும் பழைய உபாத்தியாயரும்

புது ஸைக்கிள் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் இரண்டு விதமான ஆசைகள் உண்டாகின்றன. ஒன்று, அதன் மேல் ஏறிச் சவாரி செய்ய வேண்டும் என்பது. மற்றொன்று, அதில் ஏதாவது ஒன்றைக் கழற்றி வேறொன்றைப் பூட்ட வேண்டும் என்பது. முதல் ஆசை குழந்தைகளுக்கு உரியது; இரண்டாவது, அவர்களைப் பெற்ற தகப்பனார்களுக்கு உரியது. நாம் இரண்டாவது கோஷ்டியைச் சேர்ந்தவர்கள் என்பதை முன்னாலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நலம்.

சென்ற மாதம் நம் புதல்விக்கு ஒரு ஸைக்கிள் வாங்கினோம். நாம் வசிப்பதோ திருத்தணி. வருஷத்தின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளும், மலையைச் சுற்றிக்கொண்டு மேலே செல்லும் சாலையும் உள்ள ஊர். சமவெளியில் ஸைக்கிள் ஓடினால் போதும். மலையடிவாரத்தில் அது நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த எளிய உண்மை அப்போது நம் நினைவில் இல்லை.

கடையிலிருந்து வந்த அன்றே வேலையைத் தொடங்கினோம். பழைய மணியை எடுத்துவிட்டு இரட்டை மணி வைத்தோம். கைப்பிடியில் வர்ணக் குஞ்சலம் தொங்கவிட்டோம். முன்னால் ஒரு கூடை, பக்கத்துக்கு ஒரு கண்ணாடி, மட்கார்டில் ஒரு சிவப்பு வில்லை. ஆகக்கூடி அந்த வண்டியில் ஐந்து புதுப் பொருள்கள் ஏறின. அவற்றில் ஒன்றாவது அதை நன்றாக ஓடச் செய்யவுமில்லை, நன்றாக நிற்கச் செய்யவுமில்லை. கடைசியாக, கடைக்காரர் "உயர்ந்த ரகம்" என்று கொடுத்த பிரேக் கட்டைகளையும் நாமே ஸ்பானர் பிடித்து மாற்றினோம். பட்டதாரியான நமக்கு நான்கு திருகுகள் ஒரு பொருட்டா?

மறுநாள் மாலை, மலைச் சாலையின் இறக்கத்தில் பிரேக்கை அழுத்திய குழந்தைக்கு முன்சக்கரத்தில் பிடிப்பே இல்லை. ரப்பர் கட்டைகள் இரண்டும் உறையை விட்டு நழுவி எங்கேயோ போய்விட்டன. பின் பிரேக் பாதி பிடித்தது. நல்ல வேளையாகப் பெண் புத்திசாலி. சாலையோரத்து மணலில் வண்டியைத் திருப்பி விழுந்தாள். முழங்காலில் காயத்தோடு போயிற்று. வீட்டில் அவளுடைய தாயார் நம்மை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, புது மணி வைத்த ஸைக்கிளை ஒரு முறை பார்த்தாள். அவ்வளவுதான். அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஸைக்கிள் கடைக்குப் போனோம். அதை நடத்துகிறவன் நம்முடைய பழைய மாணவன். பௌதிகப் பரீட்சையில் நம் கையால் முப்பத்தைந்து மார்க்குக்கூட வாங்காதவன். வண்டியைப் பார்த்ததும், "ஸார், கட்டையை யார் பூட்டியது?" என்று கேட்டான்.

"ஏனப்பா?" என்றோம், பதில் சொல்லாமல்.

"திருப்பிப் பூட்டியிருக்கிறதே, ஸார்! இந்தத் தகட்டு உறைக்கு ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது சுற்றுகிற ரிம் ரப்பரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அது இழுக்கிற திசையில் மூடின பக்கம் இருந்தால் தாங்கிக்கொள்ளும். திறந்த பக்கம் இருந்தால் ரப்பர் வெளியே வந்துவிடும்."

உராய்வு விசையைப் பற்றி நாம் இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறோம். ஆனால் அந்த விசை எந்தப் பக்கம் இழுக்கும் என்று அந்தச் சிறு தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசிக்கவில்லை.

நம் ஊரில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த அதே 1888-ஆம் ஆண்டில், பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற மிருக வைத்தியர் காற்றடைத்த டயருக்குப் பேடண்ட் பெற்றார். அவர் முதலில் மாற்றியமைத்தது தம் சின்னப் பையனுடைய மூன்று சக்கர வண்டியைத்தான். அவரும் தகப்பனார், நாமும் தகப்பனார். வண்டி ஏன் குலுங்குகிறது என்று யோசித்துவிட்டு அவர் மாற்றினார். நாமோ மாற்றிவிட்டு யோசித்தோம்.

ஆகவே, புது ஸைக்கிளைத் தொடவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. கடையிலிருந்து வரும் வண்டி எல்லாருக்கும் பொதுவானது. நம் உடம்புக்கும் நம் ஊருக்கும் ஏற்ப அதைத் திருத்தத்தான் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஸைக்கிள் பழகியபோது, அவர்களில் பலர் ஆண்கள் வண்டியையே விரும்பினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் அல்லவா? தமக்கு எது தேவை என்று அறிந்தவர்கள் தேர்ந்தெடுக்கும் முறை அது.

நம் மாணவன் சொன்ன வரிசை இது. முதலில் சீட்டு: உட்கார்ந்தபடி, கீழே இறங்கிய பெடலின் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அடுத்தது பிரேக்: மழைக்காலத்தில் நனைந்த இரும்பு ரிம்மில் பிடிப்புக் குறையும் என்பதால், முன்னும் பின்னும் இரண்டும் சரியாக இருக்க வேண்டும். மூன்றாவது பிரீவீல். முன் சக்கரப் பல் 44, பின்னால் 18 என்று இருந்த இடத்தில் 22 பல் பிரீவீலைப் போட்டு, சங்கிலியில் ஒரு கண்ணி கூட்டினான். 26 அங்குலச் சக்கரத்தில் பெடல் ஒரு சுற்றுக்கு முன்பு சுமார் பதினாறரை அடி போன வண்டி இப்போது பதின்மூன்றரை அடிதான் போகிறது. சமதரையில் வேகம் குறைவு. ஆனால் ஏற்றத்தில் கால் கொடுக்க வேண்டிய பலம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். நான்காவது விளக்கு. மணியும் குஞ்சலமும் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஒரு காலத்தில் நம் தேசத்துக்கு ஸைக்கிள் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. ஸைக்கிள்ஸ் கம்பெனி ஏற்பட்டது. வண்டியை நாமே செய்யக் கற்றுக்கொண்டோம். ஆனால் அதைச் செம்மைப்படுத்தும் கைகளுக்கு மதிப்புக் கொடுக்கப் படித்தவர்களாகிய நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஸ்பானர் பிடிக்கும் கையில் உள்ளதும் பௌதிகந்தான் என்பதை நமக்குப் போதிக்க ஒரு குழந்தையின் முழங்கால் காயம்பட வேண்டியிருந்தது.

புறப்படும்போது கூலி என்னவென்று கேட்டோம். "உங்களிடம் கூலியா, ஸார்?" என்று சிரித்தான். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தோம். அன்று கொடுக்காமல் விட்ட மார்க்கைத்தான் இனி கொடுக்க வழியில்லை.