பிடிப்பது வேறு, படிவது வேறு

கல்வியாண்டின் தொடக்கத்தில் மாணவரிடம் நீட்டப்படும் அறிமுகப் படிவங்கள் பலவற்றில் மூன்று கேள்விகள் இருக்கும். உனக்கு எதில் ஆர்வம், எழுதுவது பிடிக்குமா, நீ எப்படிக் கற்கிறாய்? முதல் இரண்டுக்கும் மாணவரால்தான் பதில் சொல்ல முடியும். மூன்றாவதற்கு அவராலும் முடியாது, படிவத்தை அச்சிட்டவராலும் முடியாது. ஆனாலும் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகள் இயல்பிலேயே பிரிந்திருக்கிறார்கள், அவரவர் வகைக்கேற்பப் பாடம் நடத்தினால் மதிப்பெண் ஏறும் என்ற 'கற்றல் பாணி' நம்பிக்கை ஆசிரியர் பயிற்சி முதல் பெற்றோர் கூட்டம் வரை கேட்பாரின்றி உலவுகிறது. 2012இல் வெளியான ஆய்வொன்றில் பிரிட்டன் ஆசிரியர்களில் 93 விழுக்காட்டினரும் நெதர்லாந்து ஆசிரியர்களில் 96 விழுக்காட்டினரும் இதை ஒப்புக்கொண்டார்கள். சோதனைகளோ இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன.

சோதிப்பது ஒன்றும் கடினமன்று. 'பார்ப்பவர்', 'கேட்பவர்' ஆகிய இரு வகையினரிலும் பாதிப் பேருக்குப் படத்தாலும் மீதிப் பேருக்குப் பேச்சாலும் பாடம் நடத்தி, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். பார்ப்பவர் படத்திலும் கேட்பவர் பேச்சிலும் முந்தினால் கோட்பாடு பிழைக்கும். 2008இல் ஹரோல்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தபோது, இப்படி முறையாக நடந்த சோதனைகளே அரிதாக இருந்தன. அவற்றிலும் பல கோட்பாட்டுக்கு எதிராக முடிந்திருந்தன. 2004இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டு குழுவினர் எண்ணியபோது 71 கற்றல் பாணி மாதிரிகள் தேறின. எழுபத்தொரு பேர் எழுபத்தொரு விதமாகப் பங்கு போடும்போது, பங்கு போட அங்கே ஏதாவது இருக்கிறதா என்ற சந்தேகம் வர வேண்டாமா? 2015இல் பெத் ரோகோவ்ஸ்கியும் சகாக்களும் ஒரே நூலின் பகுதிகளைச் சிலருக்கு ஒலிப்புத்தகமாகவும் சிலருக்கு மின்னூலாகவும் கொடுத்தார்கள். கேட்பதை விரும்பியவர்கள் கேட்டதால் கூடுதலாக எதையும் புரிந்துகொண்டுவிடவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் ஒன்றா என்று கேட்பார்கள். இல்லைதான். முன்னறிவு, ஆர்வம், வேகம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பார்வையற்ற குழந்தைக்குப் பிரெய்ல் தருவதும் எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தைக்குத் தனிப் பயிற்சி தருவதும் தேவை சார்ந்தவை; அவற்றைப் பாணிக் கணக்கில் சேர்ப்பது ஏமாற்று. எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாடம்தான். காவிரிப் படுகையைப் படிக்க எல்லோருக்கும் வரைபடம் வேண்டும். வெண்பாவின் செப்பலோசை பிடிபட எல்லோரும் காதைத்தான் தீட்ட வேண்டும்; 'நான் பார்த்துக் கற்பவன்' என்று சொல்லி அதிலிருந்து தப்ப வழியில்லை.

நம்பிவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நட்டம் என்பது அடுத்த வாதம். பணம் ஒரு நட்டம். சென்னை, கோவை போன்ற நகரங்களில் குழந்தையின் விரல்ரேகையைப் பதிந்து, அதன் அறிவுத்திறனும் கற்றல் பாணியும் இன்னதென்று சொல்லும் அறிக்கைகள் விற்கப்படுகின்றன. ஜோதிடமாவது தன்னை நரம்பியல் என்று சொல்லிக்கொள்வதில்லை. இந்த வணிகம் துணைக்கழைக்கும் பன்முக அறிவுத்திறன் கோட்பாட்டின் ஆசிரியரான ஹோவர்ட் கார்ட்னரே, அதுவும் கற்றல் பாணியும் ஒன்றல்ல என்று 2013இல் எழுதிவிட்டார். பணத்தைவிடப் பெரிய நட்டம் எழுத்துக்கு. 'எனக்கு எழுத்து ஒத்துவராது, வீடியோ பார்த்தால்தான் ஏறும்' என்று ஒரு மாணவர் சொன்னால், அது குணமாகவே ஏற்கப்படுகிறது. ஆனால் உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்களோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து தாளில் எழுதிப் பார்த்தவர்கள். சுகமாக இருந்த வழி, தங்கிய வழியாக இருக்கவில்லை. அறிவியல், சமூக அறிவியல், கணிதம் ஆகிய பாடங்களில் எழுதுவதன் பயனை அளந்த 56 சோதனைகளை 2020இல் ஸ்டீவ் கிரஹாம் குழுவினர் தொகுத்தார்கள்; பாடத்தைப் பற்றி எழுதுவது அந்தப் பாடத்தையே கற்க உதவுகிறது என்பது முடிவு. பயன் பிரமாதமானதில்லை, ஆனால் உண்மையானது.

எழுதப் பிடிக்காத பிள்ளையை வற்புறுத்தலாமா என்ற கேள்வியை மட்டும் எளிதில் தள்ளிவிட முடியாது. வெறுப்பு உண்மையானதுதான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நம் வகுப்பறைகளில் எழுத்துக்கு இரண்டே வேலைகள்: ஒன்று, கையேட்டு விடையை நோட்டில் இறக்குவது, மற்றொன்று, இம்போசிஷன். தண்டனையாகவே அறிமுகமான ஒன்றை வெறுப்பதற்குத் தனி மூளையமைப்பு எதுவும் தேவையில்லை. வெறுப்பை வளர்த்த பள்ளியே பிறகு அதற்குப் பாணி என்று பெயர் சூட்டிக் கைகழுவுகிறது. அந்தப் படிவத்தில் 'எழுதுவது பிடிக்காது' என்று வந்தால், மூன்றாவது கேள்வியை அடித்துவிட்டு, இதுவரை உன்னை என்னவெல்லாம் எழுத வைத்தார்கள் என்று கேட்கலாம். அதற்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இருக்கும்.