ரோசா குளிர்நாட்டுப் பூவா?

ஆரையம்பதியில் ரோசா வளர்ப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும். "இந்த மணலுக்கும் உப்புக் காத்துக்கும் ரோசா வருமா? அது நுவரெலியாப் பூ" என்று முடித்துவிடுவார்கள். தங்கள் வளவில் ஒரு கண்டு பட்டுப்போன கதையையும் சாட்சிக்குச் சொல்வார்கள். கண்டு பட்டது உண்மைதான். பழி மண்ணின்மேல் விழுவதுதான் அநியாயம்.

பட்டது எந்த ரோசா? பெரிய மொட்டுக்கும் பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆசைப்பட்டு வாங்கிய ஒட்டுக்கண்டு. 1867இல் வெளிவந்த 'லா பிரான்ஸ்' தொடக்கி வைத்த ஹைபிரிட் டீ வகை. 1900இல் பிரான்சின் பெர்னே-டூஷே, மேற்காசிய வறண்ட நிலத்து மஞ்சள் ரோசாவைக் கலந்து 'சோலெய் டோர்' இனத்தை வெளியிட்டார். அந்த நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு இடங்கொடுக்கும் குணமும் பரம்பரையில் ஏறிக்கொண்டது. இலை ஏழெட்டு மணித்தியாலம் ஈரமாகக் கிடந்தாலே அந்தப் பூஞ்சணம் தொற்றிவிடும். எங்கள் மார்கழி மாரியில் இலை காய்வது எப்போது? அடியிலையில் ஓரம் பிசிறிய கறுப்புப் பொட்டு விழும், சுற்றிலும் மஞ்சளிக்கும், தைப்பொங்கலுக்குள் தடி மட்டும் நிற்கும். தப்பினாலும், ஒட்டுக்குக் கீழிருந்து அடிக்கண்டு துளிர்த்து மேற்கண்டை அமுக்கிவிடும். "நல்லாத்தான் வளருது, பூக்குதில்ல" என்ற முறைப்பாடு அங்கிருந்து வருவது.

பழைய ரோசாக்களின் கதை வேறு. மீண்டும் மீண்டும் பூக்கும் குணத்தை ஐரோப்பிய ரோசாவுக்குக் கொடுத்ததே சீன ரோசாதான். அதற்குக் குளிர்கால உறக்கம் தேவையில்லை. பூர்பொன் ரோசா 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது ரெயூனியனில். அதுவும் எங்களுடைய இந்து சமுத்திரத்துத் தீவு. பன்னீர் ரோசாவும் இந்த உறவுமுறைதான். வெயில் கொளுத்தும் திண்டுக்கல் பக்கத்தில் மாலைக்கென்று பயிராகிறது. திண்டுக்கல் என்ன, நுவரெலியாவா?

பழசெல்லாம் உத்தமம் என்று நான் வாதாடவில்லை. ஐரோப்பாவின் கல்லிக்கா இனங்கள் குளிர் கண்டால்தான் பூக்கும். இங்கே வெறும் பற்றையாய் நிற்கும். கிணற்று நீர் உவர்த்தால் எந்த ரோசாவுக்கும் இலை விளிம்பு கருகும். கச்சான் காற்றுக் காலத்தில் மணலில் ஈரம் தங்காது. மாட்டெருவும் சருகு மூடாக்கும் கட்டாயம் வேண்டும்.

பழைய வீட்டு முற்றம் எதிலாவது மணக்கும் ரோசாவைக் கண்டால், பென்சில் தடிப்பில் முற்றிய தடியொன்று கேட்டு வாங்குங்கள். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நிழலில் ஊன்றுங்கள். சொந்த வேரில் எழுந்த கண்டு, அடியோடு வெட்டினாலும் அதே பூவைத்தான் பூக்கும். பூ சிறிது, சாடியில் நாலு நாள் நிற்காது என்று குறை சொல்வார்கள். கடைப் பூவில் மணமே இல்லாததை மட்டும் ஒருவரும் குறையாகச் சொல்வதில்லை.